மலைநாட்டுக் காட்சிகளும் அவற்றின் வரலாறும்

சித்திரைப் புத்தாண்டு பிறந்துவிட்டால், கரையோர நகரங்களிலே வெயிலின் கொடுமையைத் தாங்கமாட்டாத குடும்பங்கள் மலைநாட்டை நோக்கிப் புறப்படுதல் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். நுவரெலியாவிலே அக்காலத்தில் குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் நடைபெறும். கிறகெரி வாவியிலே படகேறுதல், ஹக்கலைப் பூந்தோட்டத்திலே உலாவுதல், சீதையம்மன் கோயிலில் ஓர் அருச்சனை செய்வித்தல், இறம்பொடை நீர்வீழ்ச்சியின் சாரலிலே சற்று நனைதல், தேயிலைச் சரிவொன்றிலே நின்று குடும்பத்தோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றோடு பயணம் நிறைவெய்தும். இன்னும் சிலர் ஹோட்டன் சமவெளிக்குச் சென்று உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பிலே நின்று வருவர். வெளிநாட்டார் தெமோதரைக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண்பதற்கென்றே கடல் கடந்து வருகின்றனர்.

இவற்றையெல்லாம் இயற்கையின் கொடை என்று நாம் ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். ஆனால், சற்று நின்று ஆராய்வோமாயின், அக்கூற்றிற் பாதிதான் உண்மை என்பது புலனாகும். கிறகெரி வாவி ஒரு தேசாதிபதியின் காலத்தில் சதுப்பு நிலத்தில் ஆக்கப்பட்டது. ஹக்கலைத் தோட்டம் காய்ச்சல் மருந்துக்காகத் தொடங்கப்பட்டது. புகையிரதப் பாதை கோப்பி மூட்டைகளையும் தேயிலைப் பெட்டிகளையும் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல இடப்பட்டது. பசும்பட்டு விரித்தாற் போன்றதெனக் கவிகள் பாடும் தேயிலைச் சரிவோ, பெருங்காடு ஒன்றை வெட்டியெரித்த இடத்திலே முளைத்தது. உல்லாசப் பயணியை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை இவற்றுள் மிகச் சிலவே. யாருக்காக, யாருடைய கைகளால் இவை ஆக்கப்பட்டன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மலைநாட்டின் மிகப் பழைய பயணி யாத்திரிகரே ஆவர். 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்த பெருமானுடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இசுலாமியர் ஆதி பிதாவாகிய ஆதமுடையது என்பர். கிறித்தவருள்ளும் அதனைப் புனித தோமையாரோடு தொடர்புபடுத்துவோர் உளர். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு மன்னன், அம்மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களின் உணவுக்கும் தங்குதலுக்கும் கிராமங்களை மானியமாக விட்டமையை அம்பகமுவைச் சாசனம் கூறுகின்றது. மலைநாட்டிலே பயணிகளின் வசதிக்கென அரசு செய்த ஏற்பாடுகளுள் நாம் அறிந்த மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. அவ்வேற்பாடு செய்யப்பட்டு 9 நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றது.

தமிழ் நேயர்கள் சிறப்பாக அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தி இங்கே உண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்குக் கரையை வந்தடைந்தார். புத்தளக் கரையில் அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் பெயர் பூண்ட தமிழ் மன்னர். அம்மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவர் என்று பதூதா வியந்து எழுதுகின்றார். வேண்டுவதைக் கேளும் என்று மன்னர் கூறியபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதைத் தவிர வேறு விருப்பம் தமக்கு இல்லை என்றாராம் அவர். மன்னர் அவருக்கு ஒரு பல்லக்கும், வழி தெரிந்த நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், வேறு பத்துத் துணைவரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்களும் கொடுத்து அனுப்பினார். சைவ மன்னர் ஒருவர், பிராமணரையும் யோகிகளையும் துணையாகக் கூட்டி, ஓர் இசுலாமியரைப் பௌத்த நாட்டின் ஊடாக மலைக்கு அனுப்பிய செய்தி இது. உச்சிக்கு ஏறுவோர் பற்றிக்கொள்ளப் பாறையிலே சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தமையையும் பதூதா குறிப்பிடுகின்றார்.

சிவனொளிபாதம் நீங்கலாக, உயர் மலைப் பகுதி நெடுங்காலம் வெளியார்க்கு எட்டாததாகவே இருந்தது. கண்டி மன்னர்க்கு மலையும் காடும் மதில்களாக அமைந்தன. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அங்கே வழிகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக விடப்பட்டிருந்தமையையும், கணவாய்களிலே முள்ளினாற் செய்த கதவுகள் இடப்பட்டுக் காவலர் நின்றமையையும் விரித்துரைக்கின்றார். நல்ல வீதி ஒன்று அமையுமாயின், அவ்வழியே முதலில் வருவது பகைவனின் படையே என்பதை அம்மன்னர்கள் அறிந்திருந்தனர். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கினால் அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று.

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1818இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டிலே, டாக்டர் ஜோன் டேவி என்னும் படை மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு, 1821இல் வெளிவந்த தம் நூலிலே அதன் குளிர்ச்சியையும் அழகையும் வருணித்தார். நுவரெலியாவை அவர் "கண்டுபிடித்தார்" என்று வழிகாட்டி நூல்கள் இன்றும் எழுதுகின்றன. அயற் கிராமத்தார் தம் முன்னோர் காலந்தொட்டு அறிந்திருந்த இடத்தை ஒருவர் எவ்வாறு கண்டுபிடித்தல் கூடும் என்று நான் பல முறை எண்ணியதுண்டு. அவர் அதனை ஆங்கிலேயர்க்கு அறிவித்தார் என்பதே சரி.

அடுத்து வந்தவர் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டுவித்தவர் அவரே. அவ்வீதியைப் புகழ்வோர், அது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினால், கூலியின்றி அழைக்கப்பட்ட சிங்களக் கிராமத்தாரின் உழைப்பைக் கொண்டே பெரிதும் அமைக்கப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். கடுகண்ணாவையில் வீதியோரமாக நிற்கும் கோபுரம் பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. கல்லுடைத்தவர்க்கு அங்கே கல் ஒன்றும் இல்லை. இராசகாரியம் 1832இல் நீக்கப்பட்டது. பார்ன்ஸ் நுவரெலியாவிலே நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர் உடல் தேறுவதற்கான ஓர் ஆரோக்கிய நிலையத்தையும், தமக்கென ஒரு மாளிகையையும் அமைத்தார். அம்மாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டலாக விரிவடைந்தது. இவ்வாறு, அந்நகரம் முதலில் வெள்ளையரின் வைத்தியசாலையாகவே பிறந்தது.

நோயாளருக்குப் பின் வேட்டைக்காரர் வந்தனர். மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அக்காலத்தார் பெருமையாக எழுதி வைத்துள்ளனர். 1845இல் ஹப்புத்தளையிலே இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையிலும் பின்னாளில் இடி விழுந்ததென மக்கள் கதை சொல்வர். கதையை நம்பாதவர்களும் அதை விருப்போடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பின்னாளில் ஆபிரிக்காவிலே அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற சாமுவேல் பேக்கரும் நுவரெலியாவிலே குடியேறி, வேட்டையும் விவசாயமும் செய்து வாழ்ந்தவர். அவர் பெயரால் ஒரு நீர்வீழ்ச்சி ஹோட்டன் சமவெளியிலே வழங்குகின்றது. அச்சமவெளியில் இன்று யானை இல்லை. கடைசி யானைகள் அங்கிருந்து அகன்று பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. அதிகாலைப் பனியிலே புல் மேயும் மரைகளைக் கண்டு மகிழ்வதோடு பயணிகள் திரும்ப வேண்டியதுதான்.

இனி, மலைநாட்டின் தோற்றத்தையே மாற்றிய செய்திக்கு வருவோம். கோப்பிச் செய்கை 1820களிலே தொடங்கி, 1840களிலே ஒரு வெறியாக வளர்ந்தது. தனியுரிமைச் சான்று காட்ட இயலாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது என்று 1840இல் சட்டம் இயற்றி, அந்நிலங்கள் துரைமாருக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. கிராமத்தார் சேனைப் பயிருக்கும் மாடு மேய்க்கவும் பயன்படுத்திய காடு அவர்களுக்கு அயலாயிற்று. காட்டை வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர்.

அவர்கள் வந்த வழியை நாம் மறத்தலாகாது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய இடங்களிலே பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பின்னே புறப்பட்ட அம்மக்கள், தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. அது நீரற்ற காட்டின் ஊடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதை. வாந்திபேதியும் அம்மை நோயும் காய்ச்சலும் அவ்வழியே அவர்களைப் பின்தொடர்ந்தன. நடக்க இயலாதவர் பாதையோரத்திலே விடப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு மாண்டனர். இறுதி எண்ணிக்கையை எவரும் எழுதி வைக்கவில்லை. முதற் குழுவினர் வந்ததாகக் கொள்ளப்படும் 1823ஆம் ஆண்டிலிருந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023இல் மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் நடந்து சென்றனர். பழைய பாதை பெரும்பாலும் தார் வீதியாகிவிட்டபோதும், வெயிலின் கொடுமை குறைந்திருக்க நியாயமில்லை.

1869இல் கோப்பி இலையிலே மஞ்சள் நிறத் துரு நோய் ஒன்று மடுல்சீமைப் பகுதியிலே தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. நட்டமுற்ற துரைமார் முதலிலே சிங்கோனாவை நாடினர். அதன் பட்டையிலிருந்தே கொயினா மருந்து எடுக்கப்படும். அம்மரத்தை இலங்கையில் வளர்த்துப் பார்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் திறக்கப்பட்டது. இன்று நாம் ரோசாவையும் பன்னங்களையும் பார்த்துக் களிக்கும் இடம் ஒரு மருந்துப் பண்ணையாகவே தொடங்கிற்று. சிங்கோனாவை எல்லோரும் நடவே, விலை வீழ்ந்தது. அதற்குள்ளே, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே பயிரிட்டிருந்த தேயிலை அனைவர் கண்ணிலும் பட்டது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆகவே, பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிய தொழிலாளர் இனி ஆண்டு முழுவதும் தேவைப்பட்டனர். பெண்டிர் பிள்ளைகளோடு நிலையாக அமர்ந்தனர். மலையகத் தமிழர் என்னும் சமுதாயம் உருப்பெற்றமைக்கு அச்செடியின் இயல்பும் ஒரு காரணம்.

காடு முழுவதும் இவ்வாறு அழியாது எஞ்சியமைக்கு ஒரு நல்ல செயலும் காரணமாயிற்று. தாவரவியலறிஞர் சேர் யோசேப்பு ஹூக்கரின் ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பது 1873இல் நிறுத்தப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக் கண்கள் ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் உள்ளமையால், அத்தடை நாடு முழுவதற்கும் நன்மையாயிற்று. அச்சமவெளி 1988இல் தேசிய வனமாக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாத வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. ஹூக்கரின் ஆலோசனை வந்த அதே ஆண்டிலேயே தேசாதிபதி சேர் வில்லியம் கிறகெரி நுவரெலியாச் சதுப்பை வாவியாக்கினார். 1913இல் அவ்வாவியின் நீர் மின்சாரம் ஆக்கவும் திருப்பப்பட்டது.

இனி புகையிரதம். 1867இல் கண்டியை அடைந்த இருப்புப் பாதை, 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், இறுதியாக 1924இல் பதுளைக்கும் எட்டியது. அதற்கு முன் கரத்தைகளும் பொதிமாட்டுத் தவளங்களுமே சுமை கொண்டு சென்றன. பட்டிப்பொல நிலையம் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ளது. இந்நாட்டின் புகையிரத நிலையங்களுள் அதுவே மிக உயர்ந்தது. அதனைக் கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்தினுள் நுழையும். சுரங்கத்தின் ஒரு வாயிலிலே மழையும் மறு வாயிலிலே வெயிலுமாக இருத்தல் அங்கே புதுமையன்று. அம்மலைமுடியே இரு பருவக் காற்றுகளையும் பிரிக்கும் வரம்பு. மேற்குச் சரிவு தென்மேல் பருவக் காற்றினாலும், ஊவாச் சரிவு வடகீழ் பருவக் காற்றினாலும் பெருமழை பெறும். அப்பால் தெமோதரையில், பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்று முன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்க வழியாகப் புகுந்து செல்லும். 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் இரும்பு உத்தரமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. பொறியியலில் விருப்பமுடையோர் அதனைக் காணச் செல்வது தகும்.

ஆயினும், இப்பாதையோரத்து மக்களின் நினைவிலே வேறொரு வண்டி உண்டு. 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சமமாகப் பங்கிடுவதென 1974இல் மீண்டும் ஓர் உடன்பாடு உண்டாயிற்று. அம்மக்களிடம் கேட்டு இவ்வெண்கள் எழுதப்படவில்லை. ஹற்றனிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும், தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியிலே ஒரு குடும்பம் ஏற, அதே குடும்பத்தின் மறு பாதி மேடையிலே நின்று கதறும். அவ்வண்டியை அவர்கள் அழுகைக் கோச்சி என்று அழைத்தனர். பாட்டன் நடந்து வந்த திசையிலே பேரன் வண்டியேறித் திரும்பினான். அவனுக்கோ அந்தக் கரை அந்நியம். எஞ்சியிருந்த நாடற்றோர் யாவர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. சன்னலோரத்து இருக்கைக்காக இன்று பயணிகள் போட்டியிடும் அதே பாதையிலேயே அழுகைக் கோச்சியும் ஓடிற்று.

துரைமாரின் பங்களாக்கள் பல இப்பொழுது விடுதிகளாகி, அவற்றிலே வாழ்ந்தோரின் பெயர்களும் படங்களும் சுவரில் மாட்டப்பட்டுள்ளன. அது தவறென்று நான் கூறேன். ஆனால், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயன் அறையும் ஒரு வரலாற்றுக் கட்டிடமே. கம்பளைக்கு அண்மையில் ஒரு பழைய லயனிலேயே தோட்டத் தொழிலாளரின் நூதனசாலை ஒன்று 2007இல் அமைக்கப்பட்டது. கண்டியிலிருந்து நுவரெலியா செல்வோர் தம் பயணத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குதல் நன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுக்க விரும்புவோர், முதலில் அவளிடம் கேட்டுக்கொள்வதும் முறையாகும். அவளுக்கு நிறை கணக்கு உண்டு. நின்று சிரிப்பதற்கு அவளுக்குக் கூலி தருவாரில்லை.

நீர்வீழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென். கிளேயர் நீர்வீழ்ச்சியின் நீர், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. காட்சி கெடாதிருக்கும் பொருட்டு, பகற் பொழுதிலே ஓரளவு நீரை விடுதல் வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. பயணியின் கண்ணுக்காக அருவியைத் திறந்து மூடும் நிலைமை, மலைநாட்டுக்குப் புதியது. மலைநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் எண்ணமோ பழையது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இலேயே அதனை எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேதான்.

அத்திட்டத்தின் தொடர்ச்சியாக, காசல்ரீ, மவுஸ்ஸாகலை என்னும் இரு பெரு நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. ஹற்றன் வழியாகச் சிவனொளிபாதம் செல்லும் யாத்திரிகர், மார்கழி முதல் வைகாசிப் பூரணை வரை, இந்நீர்ப்பரப்புகளைக் கடந்தே நல்லதண்ணியை அடைவர். மவுஸ்ஸாகலை நீரிலே மலைமுடியின் நிழல் விழும் காட்சியைப் படமெடுக்காதோர் இலர். பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரின் அடியிலே கிடக்கின்றது. 1960களின் இறுதியிலே அணை கட்டி முடிந்தபோது, கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மூழ்க, மக்கள் மேட்டிலே புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர். மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளிலே, பழைய கோயிலின் சிதைவுகள் சேற்றிலிருந்து மேலெழும். அவ்வேளைகளில் புதிய மஸ்கெலியாவிலிருந்து முதியோர் தம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிச் சென்று, எங்கே எது இருந்தது என்று கைகாட்டிச் சொல்வதுண்டு.